ஞாயிற்றுக்கிழமை ஓடாத ஓட்டக்காரர்

செமஸ்டர் நெருங்கினால் எங்கள் விடுதியில் எல்லோருக்கும் பக்தி வந்துவிடும். ஒருவன் நெற்றியில் விபூதி, இன்னொருவன் கையில் பைபிள். நானும் ஜெபம் செய்துவிட்டுத்தான் பரீட்சைக்குப் போவேன். ஆனாலும் கேள்வித்தாளைப் பார்த்ததும் கை நடுங்கத்தான் செய்கிறது! அப்படியானால் விசுவாசம் நெருக்கடி நேரத்தில் என்னதான் செய்கிறது?

இந்தக் கேள்வியோடு படித்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கிடைத்தவர் எரிக் லிடல். 1981-ல் வந்து, சிறந்த படத்துக்கான ஆஸ்கார் வாங்கிய 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படத்தின் நாயகர்களில் ஒருவர். படத்தில் இல்லாத பாதிக் கதைதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

யார் இவர்?

1902-ல் சீனாவின் டியான்ஜின் நகரில், ஸ்காட்லாந்து மிஷனரி தம்பதிக்குப் பிறந்தவர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அறிவியல் படித்தார். ஸ்காட்லாந்து அணிக்காக 7 ரக்பி ஆட்டங்கள் ஆடினார். பிறகு முழுக்க ஓட்டத்துக்கு வந்துவிட்டார். தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு, கைகளை வீசியபடி ஓடுவார். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் ஜெயித்துவிடுவார்.

1923 ஜூலையில் ஸ்டோக் நகரில் 440 கெஜ ஓட்டம். தொடங்கியதுமே இன்னொருவர் மோதி, லிடல் பாதைக்கு வெளியே விழுந்தார். எழுவதற்குள் மற்றவர்கள் சுமார் 20 கெஜம் முன்னால் போய்விட்டார்கள். எழுந்து ஓடி, எல்லோரையும் முந்தி ஜெயித்தார். கோட்டைத் தாண்டியதும் மயங்கி விழுந்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் இவருக்குத்தான் என்று பிரிட்டனில் பலர் நம்பியிருந்தார்கள். ஆனால் அதன் தகுதிச் சுற்று ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை. ஓய்வுநாளில் ஓடமாட்டேன் என்று சொல்லிவிட்டார் லிடல். இரண்டு தொடர் ஓட்டங்களும் அதே காரணத்தால் போயின. 'நாட்டைவிட ஞாயிற்றுக்கிழமை பெரிதா?' என்கிற மாதிரி விமர்சனங்கள் வந்தன.

படத்தில், பாரிஸுக்குக் கப்பல் ஏறும்போதுதான் அவருக்கு இந்த விஷயம் தெரியவரும். உண்மை வரலாறு அப்படியில்லை. போட்டி அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே வந்துவிட்டது. அப்போதே முடிவெடுத்து, 200, 400 மீட்டர் ஓட்டங்களுக்குப் பயிற்சி செய்தார். படத்துக்குக் கப்பல் காட்சி நன்றாக இருக்கிறது. ஆனால் நமக்குப் பாடம் இருப்பது அந்தப் பல மாதங்களில்தான் என்று நினைக்கிறேன். நெருக்கடி வாசலுக்கு வந்தபிறகு அவர் யோசிக்கவில்லை. எதை விட்டுக்கொடுக்க முடியாது என்று முன்பே தீர்மானித்துவிட்டார். மிச்ச நாட்களில் செய்ய வேண்டியது பயிற்சி மட்டும்தான்.

ஜூலை 6 அன்று பாரிஸில் ஒரு ஸ்காட்டிஷ் ஆலயத்தில் பிரசங்கம் செய்தார். மறுநாள் 100 மீட்டர் தங்கத்தை அவரது அணியைச் சேர்ந்த ஹரால்ட் ஆபிரகாம்ஸ் வென்றார். ஜூலை 9-ல் 200 மீட்டரில் லிடலுக்கு வெண்கலம். ஜூலை 11-ல் 400 மீட்டர் இறுதிச் சுற்று. இவருக்குக் கிடைத்தது வெளிப்பக்கத் தடம். மற்றவர்கள் எங்கே வருகிறார்கள் என்றே தெரியாது. முதல் 200 மீட்டரை ஏதோ அதுவே முழு ஓட்டம் என்பதுபோல ஓடினார். களைத்துவிடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். களைக்கவில்லை. 47.6 விநாடிகளில் தங்கம்!

படம் முடிந்த பிறகு...

அடுத்த ஆண்டே சீனாவுக்கு மிஷனரியாகப் போனார். டியான்ஜினில் ஒரு கல்லூரியில் அறிவியல் ஆசிரியர், பிறகு போர் நடந்துகொண்டிருந்த கிராமப் பகுதியில் ஊழியம். 1941-ல் கர்ப்பிணி மனைவியையும் இரண்டு மகள்களையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டார். மூன்றாவது மகளை அவர் கடைசிவரை பார்க்கவேயில்லை.

1943-ல் ஜப்பானியர்கள் அவரை வெய்ஷியன் முகாமில் அடைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். பெற்றோரைப் பிரிந்த பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுக்கு இவர் 'அங்கிள் எரிக்'. பாடம் சொல்லிக்கொடுத்தார், விளையாட்டுகள் நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடையாது. ஒரு ஞாயிறு பிள்ளைகள் தாங்களாகவே ஹாக்கி ஆடினார்கள். நடுவர் இல்லாததால் அது சண்டையில் முடிந்தது. அதன்பிறகு லிடலே ஞாயிற்றுக்கிழமை நடுவராக வந்து நின்றார்.

இதைப் படித்ததும் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒலிம்பிக் தங்கத்துக்காகக்கூட விட்டுக்கொடுக்காததை, சண்டை போடும் பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்தார். தன் பெருமை என்று வந்தபோது இறுக்கிப் பிடித்தார், அடுத்தவர் தேவை என்று வந்தபோது தளர்த்தினார். நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகத்தானே செய்கிறோம்?

1945 தொடக்கத்தில் அவருக்குக் கடும் தலைவலியும் மனச்சோர்வும் வந்தன. கடைசியாக மனைவிக்கு எழுதிய கடிதத்தில், பொறுப்புகள் அதிகமாகி நரம்புத் தளர்ச்சி ஏற்பட்டதாகவே குறிப்பிட்டார். உண்மையில் அது மூளைக்கட்டி. பிப்ரவரி 21-ல் இறந்தபோது வயது 43. ஆறு மாதத்தில் முகாம் விடுவிக்கப்பட்டது.

ஆக, அவ்வளவு விசுவாசம் உள்ளவரும் சோர்ந்துதான் போனார், அதை மனைவியிடம் மறைக்கவும் இல்லை. விசுவாசம் இருந்தால் பாரமே தெரியாது என்று யாராவது சொன்னால் இனி நான் நம்பமாட்டேன். பாரத்தோடு எந்தத் திசையில் ஓடுவது என்பதைத்தான் அது அவருக்குக் காட்டியது.

அடுத்த பரீட்சைக்கும் கை நடுங்கும் என்றுதான் நினைக்கிறேன். பரவாயில்லை. பக்கத்து அறை நண்பனுக்கு நாளை ஒரு பாடம் சொல்லித்தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். எனக்கே நேரமில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றிருந்தேன். இனி முடியாது போலிருக்கிறது!