ஆனையிறவிலிருந்து ஓர் உப்புக்கல்

சோளகம் வீசத் தொடங்கினால் ஆனையிறவில் உப்பு விளையும். களப்புத் தண்ணீரைப் பாத்தி கட்டி வெயிலில் விடுவார்கள். மாரி பிடிக்கமுன் வாரிவிட வேண்டும்.

பாத்தியில் தண்ணீர் வெறுமனே வற்றுவதில்லை, உள்ளே ஒரு பிரிப்பும் நடக்கிறது. முதலில் சுண்ணாம்புப் பொருள் படியும், பிறகு ஜிப்சம். தண்ணீர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுண்டியபின்தான் கறியுப்பு பளிங்காகத் தொடங்கும். மக்னீசிய உப்புகள் கடைசிவரை கரைந்தே நிற்கும். கைக்கிற அந்த மிச்சத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் உப்பை வாருவார்கள்.

1990இல் போர் இந்த உப்பளத்தை மூடியது. 2025 மார்ச்சில் அங்கே புதிய தொழிற்சாலை திறந்தபோது பொதியில் 'ரஜ லுணு' என்று பெயர் போட்டார்கள். ஆனையிறவின் பெயர் எங்கே என்று சனம் கேட்டது. நியாயமான கேள்விதான். பாத்தியில் வாரிய உப்பு கழுவி, உலர்த்தி, அயடீன் சேர்த்துப் பொதியாகிக் கடைக்குப் போகிறது. கடையிலிருந்து குசினிக்கு. அதில் ஒரு சிட்டிகை பள்ளிக்கூடத்துக்கும் போகலாமே?

ஆரம்பப் பிரிவில் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' உண்டு. விஞ்ஞானம் தரம் 6இல்தான். ஆனால் கைவில்லைக்குக் கீழே நாலு உப்புக்கல்லை வைத்துப் பார்க்கத் தரம் 4 பிள்ளைக்கு என்ன தடை? அத்தனையும் சின்னச் சின்னச் சதுரமுகிகள். ஏன் உருண்டையாக இல்லை என்று எந்தப் பிள்ளையும் கேட்கும்.

அந்தக் கேள்விக்கு விடை 1913இல்தான் கிடைத்தது. பிராக் என்ற தந்தையும் மகனும் எக்ஸ் கதிர்களைச் செலுத்திப் பார்த்தார்கள்: சோடியமும் குளோரினும் மாறி மாறி, மேலும் கீழும் பக்கமுமாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஆறு அயலவர். இது இன்னாருடைய சோடி என்று பிரித்துக் காட்ட ஒரு மூலக்கூறும் அங்கில்லை. 1927இல் ஹென்றி ஆம்ஸ்ட்ரோங் என்ற மூத்த இரசாயனவியலாளர் 'நேச்சர்' இதழில் கொதித்தெழுந்தார். உப்பைச் சதுரங்கப் பலகையாக்கிவிட்டார்களாம். பிள்ளைகள் தாங்களே செய்து கண்டுபிடித்துப் படிக்கவேண்டும் என்று வாழ்நாளெல்லாம் வாதாடியவரும் இவரேதான்!

களிமண்ணில் இரண்டு அளவு உருண்டைகள் பிடியுங்கள். பெரியது குளோரைட்டு, சிறியது சோடியம். ஈர்க்கால் மாறி மாறிக் கோத்து அடுக்கினால் சதுரமுகி தானே எழும். ஒரு மில்லிமீற்றர் உப்புக்கல்லின் ஓர் ஓரத்தில் இப்படி ஏறக்குறைய 35 இலட்சம் உருண்டைகள் வரிசையாக நிற்கின்றன என்று சொல்லிப் பாருங்கள். எண்ணத் தெரிந்த பிள்ளை வாய் பிளக்கும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். புலமைப்பரிசில் நெருக்கடி தெரியும். ஒரு பாடவேளை போதும். உப்புக் கரைசலைத் தட்டில் ஊற்றி நிழலில் வையுங்கள். பளிங்கு விளையட்டும். சூத்திரத்தைப் பிறகு எழுதலாம். 'உப்பு மூலக்கூறு' என்று மட்டும் கரும்பலகையில் எழுதிவிடாதீர்கள்.