ரேடியேட்டருக்குள் பலூன் வாயு

அக்டோபரில் குளிர் தட்டத் தொடங்கியதும் பிரிட்டன் வீடுகளில் ஒரு சின்னப் பித்தளைச் சாவியைத் தேடுவார்கள். சுவரோர ரேடியேட்டரின் அடிப்பக்கம் தொட முடியாமல் சுடும், மேல்பக்கம் சில்லென்று கிடக்கும். உள்ளே வாயு அடைத்திருக்கிறது என்று பொருள். மேல்மூலைத் திருகில் சாவியைப் பொருத்தி மெல்லத் திருப்பினால் 'உஸ்ஸ்' என்று சீறும், பிறகு நீர் துளிர்க்கும், மூடிவிடலாம். வருஷத்துக்கு ஒருமுறை என்றால் கவலையில்லை. வாரம் தவறாமல் சீறினால், அது வெறும் காற்றுதானா என்று சந்தேகப்பட வேண்டும்.

பழைய பிளம்பர்கள் சீறும் வாயுவின் பக்கத்தில் தீக்குச்சியைக் காட்டுவார்கள். காற்றானால் ஒன்றும் ஆகாது. சில வீடுகளில் மட்டும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு வெளிர்ச்சுடர் திருகின் வாயில் நின்று எரியும். அது ஹைட்ரஜன். (ஜன்னல் திரைக்குப் பக்கத்தில் இதைச் சோதித்துப் பார்க்காதிருப்பது நல்லது.)

தண்ணீர் மட்டுமே ஓடும் குழாயில் எரியும் வாயு எங்கிருந்து வந்தது? 1780களில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே, பழுக்கக் காய்ச்சிய துப்பாக்கிக் குழல் வழியாக நீராவியைச் செலுத்திப் பார்த்தார். நீரிலிருந்த ஆக்சிஜனை இரும்பு பிடித்துக்கொண்டது, ஹைட்ரஜன் வெளியே வந்தது. 1794இல் ஃபிளூரஸ் போர்க்களத்தின் மேல் பிரெஞ்சுப் படை பறக்கவிட்ட வேவு பலூனை நிரப்பியது இதே முறையில் கிடைத்த வாயுதான். வீட்டு ரேடியேட்டரில் உலை கிடையாது. வெதுவெதுப்பான நீரும் ஆக்சிஜன் வற்றிய சூழலும் போதும், அதே வேலை ஆமை வேகத்தில் நடக்கும். மிஞ்சுவது மேக்னடைட் என்ற கறுப்புத் தூள். காந்தத்தில் ஒட்டும், அடியில் சேறாகப் படியும். இந்த வினைக்கு ஷிக்கோர் என்ற ஜெர்மன் வேதியியலாளரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

விக்டோரியா காலத்து வார்ப்பிரும்பு ரேடியேட்டர்கள் தடித்தவை. அரிக்க அரிக்கப் பல தலைமுறை தாங்கின. வம்பு வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. 1956இல் தூய காற்றுச் சட்டம் புகை கக்கும் நிலக்கரி அடுப்புகளுக்குக் கடிவாளம் போட்டது. 1965இல் வட கடலில் எரிவாயு கிடைத்தது. வீட்டுக்கு வீடு பாய்லர் வந்தது. கூடவே வந்த ரேடியேட்டரோ ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான எஃகுத் தகடு. அதோடு செம்புக் குழாய், மின்சார பம்ப், பரணில் ஒரு திறந்த தொட்டி.

அந்தத் தொட்டிதான் பலமுறை குற்றவாளி. பம்பை முறையாகப் பொருத்தாத வீடுகளில் சுடுநீர் மேலேறித் தொட்டிக்குள் கொட்டும், காற்றைக் கரைத்துக்கொண்டு திரும்ப இறங்கும். பரணில் ஏறிக் கையை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்: குளிர்ந்திருக்க வேண்டிய நீர் சுடும், துருப்பிடித்துப் பழுப்பாகவும் இருக்கும். அப்படி உள்ளே போன காற்றின் ஆக்சிஜனை இரும்பு தின்றுவிட, நைட்ரஜன் மிஞ்சி ரேடியேட்டரின் தலையில் உட்காரும். தீக்குச்சிக்கு அது பற்றாது. ஆக, சுடர் எரிந்தால் ஒரு நோய், எரியாவிட்டால் வேறொரு நோய்.

பின்னால் வந்த மூடிய அமைப்பில் தொட்டி இல்லை, ஆனால் வேறொரு பொறி இருந்தது. வாயுவைத் திறந்துவிட்டால் அழுத்தம் இறங்கும். அதைச் சரிக்கட்டக் குழாய் நீரை ஏற்றினால் புதிய ஆக்சிஜனும் சேர்ந்தே உள்ளே போகும். சாவியும் கையுமாக அலைந்தவர்கள் பலர் தங்கள் ரேடியேட்டரைத் தாங்களே அரித்துக்கொண்டிருந்தார்கள்.

மாற்று, நீரில் கலக்கும் துருத்தடுப்பு மருந்து. 1992இல் வெளியான பிஎஸ் 7593 என்ற பிரிட்டிஷ் தரநிலை, அமைப்பை அலசிச் சுத்தம் செய்து மருந்திடும் முறையை வகுத்துத் தந்தது. மருந்து இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்கப் பிளம்பர்கள் கையாளும் வழி எளிது: இரண்டு கண்ணாடி ஜாடிகள், இரண்டிலும் பளபளக்கும் இரும்பாணிகள். ஒன்றில் குழாய் நீர், மற்றதில் ரேடியேட்டர் நீர். சில நாட்களில் குழாய் நீரில் கிடக்கும் ஆணி துருவேறிவிடும். ரேடியேட்டர் நீரில் கிடப்பதும் அதே நிறத்துக்கு மாறியிருந்தால், மருந்துப் புட்டியைத் திறக்க வேண்டியதுதான்.