அன்னபூரணி: ஒரு கப்பலும் இரு பெயரும்

கடலோடிய முன்னோரின் வரலாற்றைத் தேட முற்படுவார் பலரும் முதற்கண் அம்முன்னோரின் பெயரையே தேடுகின்றனர். கப்பலைத் தேடுதலே முதற்பணி என்பது எம் கருத்து. அரசுகள் உரிமையும் வரியும் கருதிக் கலங்களைப் பதிந்து வைத்தன. கலத்தைச் செலுத்தியவர் பெயரோ கலத்தின் பெயரை ஒட்டியே ஏட்டில் இடம் பெற்றது. வல்வெட்டித்துறையின் அன்னபூரணி அம்மாள் என்னும் கப்பலைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வாம்.

யாழ்ப்பாணத்து வடகரையில் உள்ள வல்வெட்டித்துறை பாய்க்கப்பல் கட்டுதற்கும் ஓட்டுதற்கும் பெயர் பெற்ற ஊர். ஆண்டு 1930-இல் வேப்பமரங்கொண்டு இக்கப்பல் கட்டப்பட்டது. பாய்மரம் இரண்டு, நீளம் 89 அடி. அமெரிக்கக் கடலோடி வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் இதனை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரால் 'ஃப்ளாரன்ஸ் சி. ராபின்சன்' என வழங்கினார். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் அவ்வூர் மாலுமிகள் சிலரும் அதிற் சென்றனர். சூயசுக் கால்வாயும் மத்தியதரைக் கடலும் கடந்து, அட்லாண்டிக்கைத் தாண்டி, 1938 ஆகஸ்டில் மாசாச்சுசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறையை அக்கப்பல் அடைந்தது.

இனி இடர்ப்பாட்டைக் காண்போம். அமெரிக்க ஏடுகளில் 'அன்னபூரணி' என்று தேடுவார் வெறுங்கையராய் மீள நேரும். ஊரிலோ அன்னபூரணி என்றால்தான் தெரியும். பிரித்தானியப் பதிவு முறையில் 1855 முதல் ஒவ்வொரு கப்பலுக்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. பெயர் மாறினும் எண் மாறாது. ஆயின் கப்பல் வேற்று நாட்டார் உடைமையானவுடன் அப்பதிவு முடிந்துவிடும். அந்நிலையில் கட்டிய ஊர், மரம், நீளம், பாய்மரத் தொகை ஆகியவையே கலத்தை இன்னதெனக் காட்டவல்லன. வேப்பமரம் என்பதனை ஊரார் பெருமைச் செய்தியாகவே கூறுவர்; ஆராய்வார்க்கு அது சான்று.

மனிதர் பெயரோ இன்னும் அரிது. தந்தை பெயரை முன்வைத்துத் தன் பெயரைப் பின்வைத்தல் ஈழத்துத் தமிழர் வழக்கு. இறுதிப் பெயரைக் குடிப்பெயராகக் கொள்ளும் அயலார் மகன் பெயரையே குடிப்பெயராக எழுதிவிடுவர். தந்தையும் மகனும் இரு வேறு குடியினராய் அகரநிரலிற் பிரிந்து நிற்பர். ஒலிபெயர்ப்பில் நேரும் சிதைவு இதற்கு மேல்.

பிரித்தானியக் கப்பல்களில் ஊழியஞ்செய்தார்க்கு வேறொரு வாயில் உண்டு. மாலுமியர் ஒப்பந்தத் தாள்களில் பெயர், அகவை, பிறந்த ஊர், பணி என்பவற்றோடு முன்பு ஊழியஞ்செய்த கப்பலின் பெயருக்கும் ஓர் இடம் இருந்தது. எம் கணிப்பில் அவ்வொரு நிரலே ஏனையவற்றினும் விழுமியது. ஒரு கப்பலிலிருந்து அதற்கு முந்திய கப்பலுக்கு அதனைப் பற்றியே செல்லலாம். 1863 முதல் 1938 வரையுள்ள தாள்களிற் பெரும்பகுதி கனடாவின் நியூபவுண்ட்லாந்து நினைவுப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. ஆசிய மாலுமிகளுக்குத் தனி ஒப்பந்தம் இருந்தமையின் அதனையும் வேறாக நாடல் வேண்டும்.

அன்னபூரணியில் சென்றாரின் வழித்தோன்றல்கட்கு வாயில் குளோஸ்டரே. அமெரிக்கத் துறைக்கு வரும் கப்பல்கள் அயல்நாட்டு மாலுமியரின் பட்டியலைக் குடிவரவு அலுவலரிடம் கொடுத்தல் அந்நாளைய சட்டம். புதிய பெயரைக் கொண்டு கப்பலையும், 1938 ஆகஸ்டைக் கொண்டு நாளையும் குறித்துக்கொண்டு, பெயர்களை எழுத்தால் அன்றி ஒலியால் ஒப்பிட்டுப் பார்த்தல் தகும்.