நெதெர்

கடவுளிடம் நேர்ந்துகொள்வதைக் குறிக்கும் எபிரேயச் சொல். அரபியின் 'நத்ர்' இதற்கு இனச்சொல். தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு இதைப் 'பொருத்தனை' என்கிறது.

சத்தியத்துக்கு எபிரேயத்தில் வேறு சொல் உண்டு: ஷெவுவா. 'ஏழு' என்ற எண்ணுக்கும் அதற்கும் வேரெழுத்துகள் ஒன்றே. நெதெரையும் ஷெவுவாவையும் யூதச் சமயச் சட்டத் தொகுப்பான தல்மூது நுட்பமாகப் பிரிக்கிறது. 'திராட்சை மதுவைக் குடிக்கமாட்டேன்' என்பது ஷெவுவா, ஆளைக் கட்டும். 'மது எனக்கு விலக்கு' என்பது நெதெர், பொருளையே கட்டும். வழக்கறிஞர் வாதம் போலத் தோன்றலாம். ஆனால் வாயிலிருந்து வந்த சொல் ஒரு பொருளின் தன்மையையே மாற்றிவிடும் என்ற நம்பிக்கை இதில் இருக்கிறது. தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னாவில் 'நெதாரிம்' என்று ஒரு பகுதியே இதற்காக உண்டு.

வாக்கு தவறுவதற்கு எண்ணாகமம் 30ஆம் அதிகாரம் ஆளும் வினைக்கு, புனிதத்தைக் கெடுத்தல் என்று பொருள். அந்த அச்சத்தால்தான் பக்தியுள்ள யூதர்கள் 'நாளை வருகிறேன்' என்பதோடு 'ப்ளி நெதெர்', அதாவது 'நேர்த்தியாக அல்ல', என்று சேர்த்துக்கொள்கிறார்கள். நழுவல் பேச்சல்ல, சொல்லின் எடை தெரிந்தவரின் எச்சரிக்கை.

யூதரின் பாவப்பரிகார நாளான யோம் கிப்பூர் தொடங்கும் மாலையில் அரமேயத்தில் ஓதப்படும் 'கோல் நித்ரே' இத்தகைய நேர்த்திகளை நீக்குகிறது. அது மனிதருக்கும் கடவுளுக்கும் இடைப்பட்டவற்றுக்கு மட்டும். அடுத்தவருக்குக் கொடுத்த வாக்கு அப்படியே நிற்கும். இதைத் திரித்தே யூதரின் சத்தியத்தை நம்பக்கூடாது என்றார்கள் ஐரோப்பாவில். நீதிமன்றங்களில் அவர்களுக்கென இருந்த இழிவான தனிச் சத்தியமுறை பிரான்சில் 1846இல்தான் ஒழிந்தது.