ஜகார்த்தாவில் ஆந்திரத் தமிழர் இருவர்

கால்பந்தாட்டம் என்றதும் கல்கத்தாவையே எண்ணுவது நம்மில் பலருக்கு வழக்கம். ஆயினும், 1962ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டு விழாவில் இந்தியா தங்கப் பதக்கம் வென்றபோது, அவ்வணியைப் பயிற்றுவித்தவர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரகீம். கோலைக் காத்த பீட்டர் தங்கராஜும், முன்வரிசையில் ஆடிய துளசிதாஸ் பலராமும் அப்பகுதியில் பிறந்த தமிழர்கள். அன்று ஐதராபாத்தும், நாம் வாழும் சித்தூரும் திருப்பதியும் ஒரே ஆந்திரப் பிரதேசத்தில் அடங்கியிருந்தன; தெலங்கானா பிரிந்தது 2014இல்தான்.

நாடுகளின் அணிகள் மோதும் போட்டியில், ஓர் ஆட்டத்தில் தோற்றவுடன் மூட்டை கட்ட வேண்டியதில்லை. அணிகளைப் பிரிவுகளாக வகுத்து, ஒவ்வொரு பிரிவிலும் எல்லாரும் எல்லாருடனும் ஆடுமாறு செய்வர். வெற்றிக்கு அக்காலத்தில் இரண்டு புள்ளிகள், சமநிலைக்கு ஒன்று. (இன்று வெற்றிக்கு மூன்று.) தோற்றவன் வீடு திரும்பும் கட்டம் அதன் பின்னரே தொடங்குகிறது.

ஜகார்த்தாவில் எட்டு அணிகள் இரு பிரிவுகளாக ஆடின. இந்தியாவின் பிரிவில் தென்கொரியா, ஜப்பான், தாய்லாந்து ஆகியவை இருந்தன. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0–2 எனத் தோற்றோம். பின்னர்த் தாய்லாந்தை 4–1 எனவும், ஜப்பானை 2–0 எனவும் வென்று, நான்கு புள்ளிகளுடன் இரண்டாம் இடம் பெற்றோம். ஆறு புள்ளிகளுடன் கொரியா முதலிடம். ஒரு பிரிவின் முதல்வர் மறு பிரிவின் இரண்டாமவரைச் சந்திப்பது அரையிறுதியின் முறை. ஆகவே நமக்கு எதிரே தென்வியட்நாம் வந்தது. 3–2 என வென்றோம். மலாயாவை வென்று கொரியாவும் இறுதிக்கு வந்தது. முதல் நாள் தோற்கடித்தவரையே மீண்டும் சந்திக்கும் வாய்ப்பை இவ்விதமாகப் போட்டியின் அமைப்பே நமக்கு அளித்தது.

செப்டம்பர் 4ஆம் நாள் நடந்த இறுதி ஆட்டத்தில் அரங்கமே நமக்கு எதிராக ஆர்ப்பரித்தது. இஸ்ரேலையும் தைவானையும் விழாவில் சேர்க்காமல் விட்டதை இந்தியரான சோந்தி கண்டித்திருந்தமையால், ஊரார் சினங்கொண்டிருந்தனர். காய்ச்சலால் முந்தைய ஆட்டங்களில் இடம்பெறாதிருந்த தங்கராஜை ரகீம் அன்று கோல்முன் நிறுத்தினார். தாய்லாந்துடன் ஆடியபோது தலையில் காயம்பட்டுத் தையலிடப்பட்ட பின்காவலர் ஜர்னைல் சிங்கை, அரையிறுதியில் போலவே முன்வரிசைக்கு அனுப்பினார். பிரதீப் குமார் பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் சிங் ஒரு கோல். கொரியா ஒன்றே திருப்பியது. 2–1!

ரகீம் அப்போதே நோயுற்றிருந்தார். 1963 ஜூனில் மறைந்தார். பலராமும் அவ்வாண்டிலேயே உடல்நலக் குறைவால் ஆட்டத்தை விட்டு விலகினார். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகவும் பெரு நாட்டுக்கு எதிராகவும் கோலடித்தவர் அவர். தங்கராஜோ வெலிங்டனிலுள்ள மதராஸ் படைப்பிரிவு மையத்தில் சிப்பாயாகச் சேர்ந்து, அங்கிருந்து உயர்ந்தவர். அர்ஜுனா விருதை 1967இல் பெற்றார்.

பிழைப்புக்காக ஐதராபாத் பக்கம் வந்த குடும்பங்களில் பிறந்த இவ்விருவரையும் ஆட்டம் மேலும் வடகிழக்கே இட்டுச் சென்றது. தங்கராஜ் 2008இல் பொக்காரோவில் காலமானார். பலராம் வங்காளத்திலேயே தங்கி, 2023 பிப்ரவரியில் கல்கத்தாவில் மறைந்தார்.