பள்ளி மாணவரிடையே இணையவழித் துன்புறுத்தல்: தமிழ்நாட்டில் தடுப்பு முயற்சிகளின் வரலாறு

கைப்பேசி, சமூக ஊடகம், இணைய விளையாட்டு ஆகியவற்றின் வழியாக ஒருவரை மீண்டும் மீண்டும் கேலி செய்வதும், மிரட்டுவதும், அவருடைய படத்தைச் சிதைத்துப் பரப்புவதும், அவர் பெயரில் போலிக் கணக்குத் தொடங்குவதும், வேண்டுமென்றே குழுவிலிருந்து ஒதுக்கி வைப்பதும் இணையவழித் துன்புறுத்தல் எனப்படும். சைபர்புல்லியிங் என்ற பெயரிலும் இது அறியப்படுகிறது. வகுப்பறைக் கேலி பள்ளி மணி அடித்ததும் ஓய்ந்துவிடும். இதுவோ மாணவருடன் வீட்டுக்கு வந்து, படுக்கைக்கு அருகில் ஒளிரும் திரையிலும் தொடர்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கு எதிரான சட்டங்களும் ஆணைகளும் பெரும்பாலும் ஓர் உயிர் போன பிறகோ ஒரு கொடுமை வெளிவந்த பிறகோ வந்தவை. அவற்றை வரிசையாகப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி எழுகிறது: துன்புறும் பிள்ளை அதை யாரிடம் சொல்லும், சொன்ன பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன நேரும்?

இணையத்துக்கு முன்னும் பின்னும்

1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாமாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் பகடிவதையின் தொடர்ச்சியாகக் கொல்லப்பட்டார். அந்த அதிர்ச்சியில் பிறந்ததே 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு பகடிவதைத் தடைச் சட்டம். உடலுக்கு மட்டுமல்லாமல் மனத்துக்கு ஊறு செய்யும் கேலியையும் அது குற்றமாக்கியது. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்வி நிறுவனத் தலைவர் குற்றத்துக்கு உடந்தையாகக் கருதப்படுவார் என்றும் கூறியது. பள்ளி நிர்வாகிகள் பலரும் இந்தப் பிரிவைப் படித்ததில்லை. 1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி இறந்ததையடுத்துப் பெண்களைக் கேலி செய்வதைத் தடுக்கும் சட்டம் வந்தது.

இணையத்தில் நடந்த துன்புறுத்தலுக்காகத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவின்கீழ் நாட்டிலேயே முதலில் தண்டனை வழங்கப்பட்டதும் சென்னையில்தான். ஒரு பெண்ணைப் பற்றி யாஹூ செய்திக் குழுவில் ஆபாசமாக எழுதியவர்மீது 2004 பிப்ரவரியில் புகார் தரப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 5 அன்று எழும்பூர் நீதிமன்றம் தீர்ப்பு கூறிவிட்டது. காவல் துறை முனைந்தால் ஓராண்டுக்குள் வழக்கை முடிக்க இயலும் என்பதை அது காட்டியது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் சேலம் மாவட்டத்தில் நடந்தது அதற்கு நேர்மாறானது. 2016 ஜூனில் 21 வயதுப் பட்டதாரிப் பெண் ஒருவரின் முகத்தைச் சிதைத்த படங்கள் முகநூலில் வெளியாயின. குடும்பத்தினர் காவல் துறையிடம் முறையிட்டும் படங்கள் உடனே நீக்கப்படவில்லை. அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். புகாரை விசாரிக்க ஒரு காவலர் கைப்பேசி ஒன்றைக் கையூட்டாகப் பெற்றதும் வெளிவந்தது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண் எழுதி வைத்த கடிதத்தில் காவல் துறையின் தாமதத்தைவிடப் பெரிதாக ஒலித்தது வேறொரு வருத்தம். பெற்ற தாயும் தந்தையுமே தன்னை நம்பவில்லை என்பதே அது. தமிழ்நாட்டுப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய நிகழ்வு ஒன்றே ஒன்றுதான் என்றால் அது இதுவாகவே இருக்கும்.

இதற்கிடையே 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டு அரசுப் பள்ளி மாணவர் கைகளுக்குக் கணினி வந்துவிட்டது. கருவி வந்த வேகத்தில் அதைக் கையாளும் ஒழுங்கு பாடமாக வரவில்லை. 2019 ஏப்ரல் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, குழந்தைகளுக்கு நேரும் தீங்குகளைக் காரணம் காட்டி டிக்டாக் செயலிக்குத் தடை விதித்தது. மூன்று வாரங்களில் தடை நீங்கியது. மறு ஆண்டு மத்திய அரசு வேறு காரணத்துக்காக அச்செயலியை முடக்கியபோது, பிள்ளைகள் இன்ஸ்டாகிராமுக்கு நகர்ந்தார்கள். செயலியைத் தடுத்தால் பழக்கம் போய்விடும் என்ற எண்ணம் அப்போதே பொய்த்துவிட்டது.

பெருந்தொற்றுக் காலமும் மேனாம்பேடும்

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. கைப்பேசியைத் தொடாதே என்று சொல்லி வந்த வீடுகளே கடன் வாங்கிக் கைப்பேசி வாங்கித் தந்தன. சென்னைக்கு மேற்கே அம்பத்தூரை ஒட்டியுள்ள மேனாம்பேடு போன்ற பகுதிகளில் இந்த மாற்றம் எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. 1964இல் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை நம்பி வளர்ந்த வட்டாரம் இது. தந்தை ஷிப்டு முறையில் வேலைக்குப் போக, தாயும் ஒரு நிறுவனத்துக்கோ கடைக்கோ போகும் வீடுகள் ஏராளம். பகலில் பிள்ளையும் கைப்பேசியும் மட்டுமே வீட்டில் இருக்கும் நிலை அப்படித்தான் வந்தது.

வகுப்புக்கென ஆசிரியர் தொடங்கிய வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கும். ஆசிரியர் இல்லாத இன்னொரு குழுவும் விரைவில் உருவாகிவிடும். மதிய உணவு வேளையில் வாய் திறந்திருக்கும் ஒரு படம், நிறத்தைப் பற்றியோ பருமனைப் பற்றியோ ஒரு வரி, சாதிப் பெயரைச் சுட்டும் ஒரு ஸ்டிக்கர் ஆகியவை உலவுவது அங்கேதான். நாற்பது பேர் பார்த்திருப்பார்கள், ஐந்தாறு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருப்பார்கள். படத்துக்கு உரிய பிள்ளை கடைசியாகப் பார்க்கும்.

அந்தப் பிள்ளை ஏன் வீட்டில் சொல்வதில்லை? "நீ என்ன பண்ணே? சும்மாவா போடுவாங்க?" என்பதே பல வீடுகளில் முதல் கேள்வியாக இருக்கிறது. அடுத்து கைப்பேசி பிடுங்கப்படும். பெண் பிள்ளையாக இருந்தால், "படிச்சது போதும்" என்ற பேச்சும் எழலாம். துன்புறுத்தியவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, துன்பப்பட்டவள்தான் கைப்பேசியையும் படிப்பையும் இழக்கிறாள் என்றால் அடுத்த முறை அவள் வாய் திறக்கமாட்டாள்.

2021 மே மாதத்தில், சென்னைப் பள்ளி ஒன்றின் இணைய வகுப்புகளில் ஆசிரியர் முறைகேடாக நடந்ததாக முன்னாள் மாணவர்கள் எழுப்பிய குற்றச்சாட்டு மாநிலத்தையே உலுக்கியது. இணைய வகுப்புகளுக்கு அரசு நெறிமுறைகளை வெளியிட்டது. பள்ளிதோறும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்கவும் ஆணையிட்டது. தலைமையாசிரியர், ஆசிரியர்கள், பெற்றோர் ஆசிரியர் கழகப் பிரதிநிதிகள், ஆசிரியரல்லாத பணியாளர் ஆகியோர் அதில் இடம்பெற வேண்டும். 14417 என்ற கல்வி உதவி எண்ணும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் மாணவர் கண்ணில் படும்படி வைக்கப்பட்டன.

சொன்ன பிறகு பாதுகாப்பு இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை 2023 ஆகஸ்டில் நாங்குநேரி காட்டியது. அது இணையத்தில் நடந்ததன்று. ஆயினும் இங்கே பொருந்தும். சக மாணவர்களின் சாதிக் கொடுமையால் பள்ளிக்குப் போகாமலிருந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் நடந்ததைப் பள்ளியில் சொன்னான். அதற்குப் பழிவாங்க, அவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டு, 2024 ஜூனில் அறிக்கை தரப்பட்டது.

பள்ளி செய்யக்கூடியது

சட்டத்தின் கை சிறார் விஷயத்தில் ஓரளவுக்கே நீளும். ஆள்மாறாட்டம், அந்தரங்கப் படம் பரப்புதல், குழந்தைகளின் ஆபாசப் படம் ஆகியவற்றுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்திலும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்திலும் பிரிவுகள் உண்டு. வெறும் வசைக்கு இருந்த 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. செய்தவருக்கு 18 வயது நிறையவில்லை என்றால் விவகாரம் இளைஞர் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும். பதின்மூன்று வயதுப் பையன் பதின்மூன்று வயதுப் பையனைக் கேலி செய்வதைக் காவல் நிலையத்தில் தீர்க்க முடியாது.

இதற்குப் பழைய முன்மாதிரிகள் உள்ளன. நார்வேயில் 1982இன் இறுதியில் மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட பின், உளவியலாளர் டான் ஓல்வியஸ் 1983 முதல் பெர்கன் நகரப் பள்ளிகளில் ஒரு திட்டத்தை நடத்தினார். வகுப்பு விதிகளை மாணவரோடு பேசி வகுத்தார்கள். இடைவேளைகளில் ஆசிரியர் கண்காணிப்பை அதிகரித்தார்கள். இரு தரப்புப் பெற்றோரிடமும் பேசினார்கள். தொல்லை ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததாக அவர் பதிவுசெய்தார். பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவாகி 2009இல் நாடு முழுதும் பரவிய கிவா திட்டம், வேடிக்கை பார்ப்பவர்களைக் குறிவைத்தது. சிரிப்பவர் இல்லையென்றால் கேலி செய்பவனுக்கு மேடை இல்லை என்பது அதன் கணக்கு.

நம் வகுப்புகளுக்கும் அது பொருந்தும். குழுவில் உள்ள நாற்பது பேரில் ஒருவர் "இதை எடுத்துடு" என்று எழுதினால் மற்றவர் கை தயங்கும். அந்த ஒருவர் எழுதத் துணிய, ஆசிரியர் வகுப்பில் முன்கூட்டியே அதைப் பேசியிருக்க வேண்டும். புகார் வந்தபின் இருவரையும் ஒரே அறையில் நிறுத்திக் கைகுலுக்கச் சொல்வது பெருந்தவறு; சொன்னவர் யார் என்பது அங்கேயே வெளிப்பட்டுவிடும். இரு வீட்டாரையும் தனித்தனியே அழைக்க வேண்டும். செய்தவனுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்புவது, தொல்லையை அடுத்த பள்ளிக்கு அனுப்புவதுதான். குழுவில் அவன் இருந்துகொண்டேதான் இருப்பான்.

வீட்டில்

பிள்ளை சொன்னதும் பெற்றோர் முதலில் செய்ய வேண்டியது, எதையும் அழிக்காமல் இருப்பது. கோபத்தில் செய்தியை நீக்கிவிட்டால் சான்று போய்விடும். அனுப்பியவர் பெயர், எண், தேதி, நேரம் தெரியும்படி திரைப்படி எடுத்து வைத்து, அதன்பின் அந்தக் கணக்கைத் தடைசெய்து, செயலியிலேயே புகார் தரவேண்டும். படம் சிதைத்தல், மிரட்டல், பணம் கேட்டல் என்றால் பள்ளியோடு நிறுத்தாமல் தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலோ காவல் நிலையத்திலோ பதிவு செய்ய வேண்டும். அம்பத்தூர் வட்டாரம் மாநகராட்சிக் கணக்கில் சென்னை. காவல் துறைக் கணக்கிலோ 2022 ஜனவரி 1இல் பிறந்த ஆவடி ஆணையரகம். எந்த அலுவலகம் என்று அலைய நேரும்போது, இணையப் புகாரின் எண் கையில் இருந்தால் அலைச்சல் குறையும். பிள்ளை உறக்கம், உணவு இழந்து ஒடுங்கியிருந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணை அழைக்கலாம்.

தன் பிள்ளைதான் செய்தது என்று தெரியவரும் பெற்றோருக்கு எந்தச் சுற்றறிக்கையும் வழி சொல்வதில்லை. "விளையாட்டுக்குப் பண்ணான்" என்று மூடுவதும், அடித்து நொறுக்குவதும் ஒரே விளைவைத் தரும்: அடுத்த முறை அவன் போலிக் கணக்கில் செய்வான். அவனையே அந்தப் படத்தை நீக்கச் செய்து, யார் யாருக்கு அனுப்பினானோ அவர்களிடம் அழிக்கச் சொல்ல வைப்பது கடினம், ஆனால் அதுவே பயன்தரும்.

உதவி எண்களிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே கைப்பேசி உள்ள வீட்டில், பிள்ளை தந்தையின் கைப்பேசியிலிருந்துதான் 1098ஐ அழைக்க வேண்டும். அழைத்தது பட்டியலில் நிற்கும். அரசுப் பள்ளிகளில் வைக்கப்பட்டுள்ள "மாணவர் மனசு" பெட்டிக்குக் கைப்பேசி தேவையில்லை. ஒரு சீட்டு போதும். பெட்டியைத் தலைமையாசிரியர் அறை வாசலில், எல்லோர் பார்வையிலும் மாட்டிவைத்தால் பிள்ளைகள் அருகே போகத் தயங்குவார்கள். நூலக மூலையிலோ மாடிப்படித் திருப்பத்திலோ மாட்டலாம்.