அந்த 570 பேர்

எங்கள் கல்லூரியில் போன மாதம் கேம்பஸ் இன்டர்வியூ முடிந்தது. ஆஃபர் லெட்டர் கையில் இருக்கிறது, சேரும் தேதிதான் இன்னும் வரவில்லை. அப்படிக் காத்திருக்கும் கூட்டத்தில் அடியேனும் ஒருவன். இரண்டு நாள் முன்னால் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு நண்பன் கேட்டான்: "ஆஃபர் லெட்டர் வந்துட்டா நீ அந்தக் கம்பெனி ஆளா? இல்ல, முதல் நாள் போய் கையெழுத்துப் போட்டாத்தான் ஆளா?" யாரிடமும் சரியான பதில் இல்லை. ரசம் ஆறியதுதான் மிச்சம் :)

ஆனால் இதே கேள்வியை வைத்து அமெரிக்காவில் கோர்ட் வரை போன ஒரு கதை எனக்குத் தெரியும். விமானிகளின் கதை. வணிகவியல் படிப்பவனுக்கு விமானத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். சம்பளம், சங்கம், லாபம் எல்லாம் நம்ம பாடம்தானே!

கதைக்குள் போகுமுன் ஒரு சமாச்சாரம் புரிய வேண்டும். அமெரிக்க விமானிக்கு அவருடைய பட்டம், அனுபவம், ஆயிரக்கணக்கான மணிநேரம் பறந்த கணக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய சொத்து ஒரு எண். சீனியாரிட்டி நம்பர். வேலையில் சேர்ந்த தேதிப்படி எல்லோரையும் ஒரே பட்டியலில் வரிசையாக வைத்திருப்பார்கள். எந்த ஊரில் இருந்து பறப்பது, எந்த விமானம், கேப்டனா துணை விமானியா, கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருக்க முடியுமா, ஆள் குறைத்தால் முதலில் யார் வெளியே... எல்லாவற்றையும் அந்த எண்தான் தீர்மானிக்கும். திறமைக்கு மதிப்பெண் கிடையாது. இதில் கொடுமை என்னவென்றால், வேறு கம்பெனிக்கு மாறினால் இருபது வருட அனுபவசாலியும் அங்கே பட்டியலின் கடைசியில்தான் நிற்க வேண்டும். நம்மூர் ஐ.டி. பையன்கள் மாதிரி கம்பெனி தாவிச் சம்பளம் ஏற்றும் வேலை அங்கே நடக்காது. கம்பெனி மூழ்கினால் அந்த எண்ணும் சேர்ந்து மூழ்கும்.

1978 வரை இந்த ஏற்பாடு நிம்மதியாக ஓடியது. எந்த ஊருக்கு யார் பறப்பது, டிக்கெட் என்ன விலை என்பதை அரசாங்கமே முடிவு செய்தது. சம்பளம் கூடினால் டிக்கெட்டைக் கூட்ட அனுமதி வாங்கிக்கொள்ளலாம். அந்த வருடம் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் இதையெல்லாம் அவிழ்த்துவிட்டது. புதிது புதிதாகக் கம்பெனிகள் மலிவு டிக்கெட்டோடு வந்தன. பழைய கம்பெனிகள் திணறின. 1982 மே மாதம் பிரானிஃப் திவாலாகி நின்றது. 1983 செப்டம்பரில் கான்டினென்டல் விமான நிறுவனத்தை ஃபிராங்க் லொரென்சோ திவால் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். ஒப்பந்தங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஏறக்குறைய பாதிச் சம்பளத்துக்கு வருகிறவர்கள் வரலாம் என்றார். விமானிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது இரண்டு வருடம் இழுத்தது, தோற்றது.

லொரென்சோவின் வழி முரட்டு வழி. அதே 1983-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் ராபர்ட் கிராண்டல் கண்டுபிடித்தது நைஸான வழி. இப்போது இருப்பவர்களின் சம்பளத்தில் கைவைக்க மாட்டேன், இனிமேல் சேர்பவர்களுக்கு மட்டும் குறைந்த சம்பளம். பழையவர்களுக்கு ஏ ஸ்கேல், புதியவர்களுக்கு பி ஸ்கேல். ஓட்டுப் போடும் உரிமை பழையவர்களுக்குத்தான், வெட்டு விழுவது இன்னும் வராதவர்களுக்கு. யார்தான் எதிர்த்து ஓட்டுப் போடுவார்? பந்தியில் உட்கார்ந்தவர்கள் சேர்ந்து, அடுத்த பந்திக்குப் பாயசம் வேண்டாம் என்று முடிவு செய்தது போலத்தான். சங்கம் ஒப்புக்கொண்டது. கிராண்டல் நிறைய விமானம் வாங்கினார், ஆயிரக்கணக்கில் புதியவர்களைச் சேர்த்தார். கணக்கு எளிது. எவ்வளவு வேகமாக வளர்கிறோமோ அவ்வளவு வேகமாகச் சராசரிச் சம்பளச் செலவு குறையும்.

இப்போது யுனைடெட். அதன் தலைவர் ரிச்சர்ட் ஃபெரிஸ் விமானத் துறையிலிருந்து வந்தவர் அல்ல, ஹோட்டல் துறைக்காரர். ஆனால் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டவர், ஆரம்பத்தில் விமானிகளோடு நல்ல உறவு. 1981-ல் விமானிகள் சில சலுகைகளை விட்டுக்கொடுத்து அவரோடு ஒப்பந்தமே போட்டார்கள். அதே ஃபெரிஸ் 1985-ல் பி ஸ்கேல் கேட்டார். அந்த ஏப்ரலில்தான் பான் ஆம் நிறுவனத்தின் பசிபிக் வழித்தடங்களை 75 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்திருந்தார். வாங்கக் காசு இருக்கிறது, புதுப் பையனுக்குக் கொடுக்க இல்லையா என்று விமானிகளுக்குக் கோபம். (செலவுக் கணக்கில் சம்பளம் வேறு, முதலீடு வேறு என்று எங்கள் பேராசிரியர் சொல்வார். சரிதான். ஆனால் கோபத்துக்கு அக்கவுண்டன்சி தெரியாதே!)

வேலைநிறுத்தம் வரும் என்று ஃபெரிஸுக்குத் தெரியும். முன்கூட்டியே புதிய விமானிகள் 570 பேரைத் தேர்வு செய்து பயிற்சி கொடுத்து வைத்திருந்தார். பயிற்சி முடிந்தாலும் அவர்கள் முறைப்படி ஊழியர்கள் அல்ல. ஸ்டிரைக் தொடங்கும் நாளன்று கோட்டைத் தாண்டி உள்ளே வந்தால் வேலை உண்டு, வராவிட்டால் இல்லை. இதுதான் நிபந்தனை.

1985 மே 17. சுமார் 5,000 விமானிகளில் பெரும்பாலோர் வெளியே நின்றார்கள். இந்த 570 பேரை நினைத்துப் பாருங்கள். யுனைடெட்டில் பறப்பது என்பது அந்தத் தொழிலில் ஒருவருக்கு வாழ்நாள் கனவு. சிறு விமானம் ஓட்டியும் ராணுவத்தில் இருந்தும் மணிக்கணக்குச் சேர்த்து, கடைசியில் கிடைத்த இடம். கையில் சங்க உறுப்பினர் அட்டைகூட இல்லை. உள்ளே போனால் அன்றே சம்பளம், பட்டியலில் ஒரு எண். வெளியே நின்றால் ஒன்றுமே இல்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரைத் தவிர அத்தனை பேரும் வெளியே நின்றார்கள்.

ஏன்? அது தியாகம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். ஸ்டிரைக் நடந்ததே புதியவர்களின் சம்பளத்துக்காக. அதாவது இவர்களுக்காகத்தான். அதோடு இன்னொன்று. அன்று உள்ளே போகிறவர் அடுத்த முப்பது வருடம் அதே ஆட்களோடு, இரண்டு மூன்று பேர் மட்டும் உட்காரும் ஒரு சின்ன அறையில் பறக்க வேண்டும். ஸ்டிரைக்கில் உள்ளே போனவரைத் தமிழில் கருங்காலி என்கிறோம். கருங்காலி மரத்தில் கோடாரிக்குக் காம்பு போட்டால் அது மற்ற மரங்களை வெட்டும். அமெரிக்க விமானிகள் இப்படிப்பட்டவர்களின் பெயர்களைப் பட்டியலே போட்டு வைத்திருந்தார்கள். பறப்பதற்குத் தேவையானதைத் தவிர ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். காக்பிட்டில் இருக்கும் உபரி இருக்கையில் இலவசமாக வீட்டுக்குப் போகக் கேட்டால் கேப்டன் இடமில்லை என்பார். பத்து வருடம், இருபது வருடம் கழித்தும்கூட.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். யுனைடெட் அப்போது வெளியிலிருந்து அனுபவமுள்ள விமானிகளையும் மாற்று ஆட்களாக எடுத்தது. பிரானிஃப் போன்ற கம்பெனிகள் மூடியதில் வேலை போனவர்கள் நாட்டில் நிறைய இருந்த காலம் அது. எண்ணை ஒருமுறை இழந்து, வீட்டுக் கடன் கட்ட முடியாமல் இருக்கும் ஒருவரிடம் போய் ஒற்றுமை பற்றிப் பேசினால் அவர் என்ன சொல்வார்? "என் கம்பெனி மூடியபோது உங்கள் பட்டியலில் எனக்கு ஓர் இடம் கொடுத்தீர்களா?" என்று கேட்கலாம் அல்லவா? இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

சம்பள விஷயம் மே மாதத்திலேயே ஏறக்குறைய முடிந்துவிட்டது. பி ஸ்கேல் வந்தது, ஆனால் நிர்வாகம் கேட்ட அளவுக்கு நீளமாக அல்ல. அப்புறமும் ஸ்டிரைக் நிற்கவில்லை. திரும்பி வரும்போது யாருக்கு எந்த இடம், உள்ளே வந்தவர்களின் சீனியாரிட்டி என்ன, 570 பேரின் கதி என்ன என்பதில்தான் அடுத்த வாரங்கள் போயின. மொத்தம் 29 நாள். கடைசியில் ஜூன் நடுவில் எல்லோரும் திரும்பினார்கள், 570 பேரைத் தவிர. அவர்கள் ஊழியர்களே அல்ல, சேர்க்க வேண்டிய கட்டாயம் எங்களுக்கில்லை என்றது நிர்வாகம். எங்கள் மெஸ் கேள்வி அங்கே சிகாகோ கோர்ட்டில் போய் நின்றது. ஸ்டிரைக்கை மதித்து வெளியே நின்றார்கள் என்ற ஒரே காரணத்துக்காக வேலை மறுப்பது சட்டவிரோதம் என்று தீர்ப்பு. 1986-ல் மேல்முறையீட்டிலும் அவர்களுக்கே வெற்றி. வேலையும் எண்ணும் கிடைத்தன.

ஃபெரிஸ் அதன்பிறகு ஹெர்ட்ஸ் கார் கம்பெனியை வாங்கினார், ஹில்டன் இன்டர்நேஷனல் ஹோட்டல்களை வாங்கினார், 1987-ல் தாய்க் கம்பெனிக்கு அலீஜிஸ் என்று யாருக்கும் புரியாத பெயர் வைத்தார். அதே வருடம் விமானிகள் சங்கமே கம்பெனியை வாங்க விலை பேசியது. ஜூனில் ஃபெரிஸ் விலகினார். பெயரும் போயிற்று.

சீனியாரிட்டிப் பட்டியலை நான் ரொம்பப் புகழ்ந்துவிட்டேனோ என்று தோன்றுகிறது. அது முதலாளியின் தயவிலிருந்து காப்பாற்றும், உண்மை. ஆனால் வாசலில் யாரை விட்டார்கள் என்பதை அது கேட்காது. மார்லன் கிரீன் என்ற கறுப்பின விமானப்படை கேப்டன் 1957-ல் கான்டினென்டலில் விண்ணப்பித்தார். வேலை இல்லை. வழக்கு உச்சநீதிமன்றம் போய் 1963-ல் ஒருமனதாக அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பாகியது. வேலையில் சேர்ந்தது 1965-ல். யுனைடெட் மீதும் மத்திய அரசு 1973-ல் வழக்குப் போட்டு, 1976-ல்தான் பெண்களையும் சிறுபான்மையினரையும் சேர்க்க கம்பெனி கோர்ட்டில் உடன்பட்டது. தாமதமாக உள்ளே வந்தவருக்குப் பட்டியலில் தாமதமான எண்தானே கிடைக்கும். வாசலில் நடந்த அநியாயம் ஓய்வு பெறும் நாள் வரை கூடவே பறக்கும்.

570 பேரின் மிச்சக் கதைக்கு வருகிறேன். 1994-ல் ஊழியர்கள் சம்பளத்தை விட்டுக்கொடுத்து யுனைடெட்டின் 55 சதவீதப் பங்கை வாங்கினார்கள். அப்போது உலகமே இதைப் பெரிய புதுமையாகப் பார்த்தது. 2002 டிசம்பரில் கம்பெனி திவால் நீதிமன்றத்துக்குப் போனது. பங்கு காகிதமானது. 2005-ல் ஓய்வூதியத் திட்டத்தையும் கோர்ட் அனுமதியோடு கைவிட்டார்கள். 2010-ல் கான்டினென்டலோடு இணைப்பு. 2013-ல் இரண்டு விமானிப் பட்டியலும் ஒன்றாக்கப்பட்டன. 1983-ல் லொரென்சோவிடம் உள்ளே போனவர்களில் மிச்சம் இருந்தவர்களும், 1985-ல் வெளியே நின்றவர்களும் ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக.

விமானிகளின் ஓய்வு வயது 60-ஆக இருந்தது 2007 டிசம்பரில் 65 ஆகிவிட்டது. 1985 மே மாதம் 25 வயதில் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றவருக்கு 2025-ல் 65.